செபமும் செந்தமிழும்: குச்சவெளிக் கரையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதப் புகுந்தோர் கிறிஸ்தவர் ஆற்றிய பணியை மதிப்பிடும்போது பெரும்பாலும் செய்யுளையே அளவுகோலாகக் கொண்டனர். ஞானப்பள்ளு, யாகப்பர் அம்மானை, திருச்செல்வர் காவியம் என நிரல்படக் கூறிய பின்னர் அச்சு, அகராதி, பாடசாலை என்பனவற்றுக்குச் சில பக்கங்களை ஒதுக்குவர். உரைநடை என்று வருமிடத்துக் கண்டன நூல்களும் விவிலிய மொழிபெயர்ப்புகளுமே அவர்தம் கண்ணிற் படுகின்றன. ஆனால் காலையும் மாலையும், பிறப்பிலும் இறப்பிலும், எழுத்தறிந்தோரும் அறியாதோரும் ஒருங்கே வாய்விட்டுச் சொல்லி வந்த செபங்கள் உரைநடை என்றேனும் எண்ணப்பட்டனவா என்றால், இல்லை என்றே கூறவேண்டியுள்ளது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வாக்கியங்களைப் பல இலட்சம் நாவுகள் நாள்தோறும் உச்சரித்து வந்துள்ளன. இத்துணைப் பயிற்சி பெற்ற வேறொரு தமிழ் உரைநடை உண்டா என்று நாம் வினவலாம். ஓதுவாரும் அடியாரும் பேணிய திருமுறை செய்யுளாதலின் அது வேறு வகையைச் சார்ந்தது.

திருச்சபை வாழ்வில் செபம் இன்றியமையாதது என்பது சமய நூலார் கூற்று. அக்கூற்றை அவர்தம் நம்பிக்கையாக மட்டும் விட்டுவிடாது, மொழியையும் வரலாற்றையும் கொண்டு ஆராய்ந்தால் என்ன பெறப்படும் என்பதே இக்கட்டுரையின் வினா. குருமார் இல்லாதவிடத்தும் கோயில் இல்லாதவிடத்தும் ஒரு சபை நிலைத்ததாயின் அதை நிலைநிறுத்தியது எது? அச்செபத்தின் சொல்லமைதிக்கும் அந்நிலைபேற்றுக்கும் தொடர்புண்டா? இவற்றை நோக்குதற்கு நகரத்துப் பேராலயங்களைவிட ஒரு கடற்கரையே நமக்குத் தக்க இடமாகத் தோன்றிற்று.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, புல்மோட்டை வீதியில், 30 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளது குச்சவெளி. இன்று அப்பகுதியில் முஸ்லிம் மக்களே பெரும்பான்மையினர். சைவத் தமிழரும் சிங்களவரும் உளர். கிறிஸ்தவர் தொகை சிறிதே. அவ்வாறாயின் கிறிஸ்தவச் செபத்தைப் பற்றிய ஆய்வுக்கு இவ்வூர் எவ்வாறு பொருந்தும் என்று வாசகர் கேட்கக்கூடும். இரண்டு காரணங்கள் உள.

முதலாவது காரணம் கிறிஸ்தவத்துக்குப் புறம்பானது. குச்சவெளியில் கடலோரப் பாறையொன்றில், தூபிகளின் உருவங்கள் செதுக்கப்பட்ட இடத்துக்கு அருகே, வடமொழிச் சாசனமொன்று உளது. எபிகிராபியா செய்லானிக்கா மூன்றாந் தொகுதியில் பேராசிரியர் பரணவிதான அதனைப் படித்து வெளியிட்டார். கி.பி. முதலாம் ஆயிரத்தின் பிற்பாதியைச் சார்ந்ததாகக் கருதப்படும் அச்சாசனம் கொடை எதையும் கூறவில்லை, மன்னன் புகழையும் பாடவில்லை. அது ஒரு வேண்டுதல். தான் ஈட்டிய புண்ணியத்தின் பயனாக, வரும் பிறவிகளிலெல்லாம் உலகத்தின் துன்பத்தைத் தீர்க்கும் ஆற்றல் தனக்கு வாய்க்க வேண்டும் என்றும், பொறையும் இரக்கமும் தன்னிடம் நிலைக்க வேண்டும் என்றும், முடிவிற் புத்த நிலை எய்த வேண்டும் என்றும் ஒருவர் வேண்டுகிறார். தன்மை ஒருமையில் அமைந்த வேண்டுதல் அது. ஒருவர் தனித்து நின்று, எல்லா உயிர்க்குமாக, ஆயினும் தம் பெயரில் வேண்டுகிறார். இதனை மனத்திற் கொண்டால் பின்னர் நாம் கூறப்போகும் ‘எங்கள்’ என்ற சொல்லின் ஆற்றல் விளங்கும்.

இரண்டாவது காரணம் வாடி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும், கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். அக்காலத்தில் நீர்கொழும்பு, சிலாபப் பகுதிகளின் கத்தோலிக்க மீனவர் குச்சவெளி, நிலாவெளி, கொக்கிளாய் முதலான கரைகளுக்குப் பெயர்ந்து வந்து, வாடி அமைத்துத் தொழில் செய்து, பருவம் மாறியதும் மீள்வர். 1980களில் போர் மூண்டபின் இப்பெயர்ச்சி பெரிதும் தடைப்பட்டு, 2009இல் போர் முடிந்தபின் மீண்டது. கரையுரிமை பற்றி உள்ளூர் மீனவர்க்கும் இவர்க்கும் இடையே எழும் பூசல் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று, ஆயினும் அது தனியே ஆராயப்பட வேண்டியது. நமக்கு வேண்டியது இதுவே: பங்குக் கோயிலையும் குருவையும் ஊரில் விட்டுவிட்டு, ஓலைக் கொட்டிலில் மாதக்கணக்கில் வாழும் ஒரு மக்கட் கூட்டம் தன் சமயத்தை எதிற் கொண்டுவருகிறது? படகின் அணியத்தில் எழுதிய புனிதர் பெயரிலும், சுரூபத்திலும், செபமாலையிலும், மனப்பாடமாய் உள்ள சில வாக்கியங்களிலும் என்பதே விடை.

இம்மனப்பாட வாக்கியங்களின் தமிழ்ப் பிறப்பை நாடினால் நாம் மற்றொரு மீனவர் கரைக்கே செல்ல வேண்டியுள்ளது. 1542ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தமிழ் அறியார். மொழி வல்லார் சிலரை அருகிருத்தி, விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், மரியன்னை செபம், பத்துக் கட்டளைகள் முதலியவற்றைத் தமிழ்ப்படுத்தி, தாமும் மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருவிற் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். இவை அவருடைய கடிதங்களால் அறியப்படும் செய்திகள். இவற்றுள் 1544இல் தம் தோழர் மன்சில்யாசுக்கு அவர் எழுதிய கடிதக் குறிப்பொன்று தமிழ் உரைநடை வரலாற்றில் முதலிடம் பெறத்தக்கது என்பது எம் கருத்து. விசுவாச அறிக்கையில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் புகுந்துவிட்டது. ‘வேணும்’ என்பது விருப்பத்தைக் குறிக்குமேயன்றி நம்பிக்கையைக் குறிக்காது, ஆதலின் திருத்துக என்று அவர் பணிக்கிறார். கிறிஸ்து பட்ட பாடுகளைக் கூறுமிடத்து, வலிந்து திணிக்கப்பட்டமையைக் குறிக்கும் சொல்லொன்றை விலக்குமாறும் சொல்கிறார். அவர் தம் விருப்பாற் பாடுபட்டாரேயன்றிப் பிறர் வலியாலன்று என்பது காரணம்.

தமிழைச் சில மாதங்களே கேட்டறிந்த ஓர் அயலார் செய்த இத்திருத்தத்தைச் சமய வரலாற்றார் பலரும் வியந்து கூறிச் சென்றனர். நாம் வியப்பதோ வேறொன்றை. ‘வேணும்’ என்று சொன்ன மீனவர் முற்றும் தவறினரா? கடலுக்குப் போகிறவனுக்குக் காற்று வேணும், மீன் வேணும், கரைக்கு மீளவேணும். அவன் தெய்வத்தின் முன் நின்றபோது நாவில் எழும் முதற்சொல் அதுவே. திருத்தம் சரியானதே, விசுவாச அறிக்கை விண்ணப்பம் அன்று. எனினும் ‘வேணும்’ என்ற சொல் அறிக்கையினின்று நீங்கியதே தவிரச் செபத்தினின்று நீங்கவில்லை. நம்புகிறவனின் மொழியும் தேவையுள்ளவனின் மொழியும் ஒரே வழிபாட்டில் அருகருகே இருத்தல் வேண்டும் என்பதும், ஒன்று மற்றொன்றின் இடத்தைக் கவர்ந்துகொள்ளலாகாது என்பதும் அச்சிறு கடிதக் குறிப்பில் அடங்கியுள்ளன.

அதற்குப் பத்தாண்டின் பின், 1554இல், இலிசுபனில் தமிழ்ச் செபங்கள் உரோமன் எழுத்தில் அச்சேறின. 1578இல் கொல்லத்தில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் 16 பக்கங்களில் வெளிவந்தது. 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ அச்சாயிற்று. தமிழ் அச்சுக்கலையின் தலைப்பிள்ளை ஒரு செபநூல் என்பதைத் தனிநாயகம் அடிகள் முதலானோர் எடுத்துக்காட்டிய பின்னரும், அந்நூலை அச்சு வரலாற்றின் காட்சிப்பொருளாகவே நாம் நோக்கி வந்துள்ளோம். அதன் வாக்கியங்களை வாக்கியங்களாக எடுத்து ஆராய்ந்தோர் மிகச் சிலரே.

இனி ஈழத்துக்கு வருவோம். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர், அவர்க்கு இடங்கொடுத்தல் குற்றமாயிற்று. 1687இல் கோவையிலிருந்து யோசேவாஸ் அடிகளார் இரவலர் கோலத்தில் வந்து சேரும்வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவற்ற காலம் எனலாம். அவர் வீடு வீடாகச் சென்றபோது கழுத்தில் செபமாலையை வெளிப்பட அணிந்திருந்தார் என்பது மரபு. அதனைக் கண்டு முகம் மாறியவரைக் கொண்டு தம்மவரை இனங்கண்டார். இங்கே செபமாலை வழிபாட்டுக் கருவியாக மட்டுமன்றி அடையாளச் சொல்லாகவும் அமைந்தமை நோக்கற்பாலது. அடிகளாரும் அவர்பின் வந்த ஒறற்றோரியன் சபையினரும் ஒவ்வோர் ஊரிலும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்து, குரு வராத மாதங்களில் செபத்தை முன்னின்று சொல்லும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தனர். 1705இல் வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் அவர்களுக்கு வேண்டிய நூல்களை எழுதித் தந்தார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகத்துடன் வாசிக்கப்படுவது. ஓலையில் எழுதப்பட்டுக் கைமாறிக் கைமாறிச் சென்ற இலக்கியம் அது.

இதே காலத்தில் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையும் செபத்தைக் கற்பித்தது என்பதை மறத்தல் கூடாது. கற்பித்த செபமும் பெரும்பாலும் ஒன்றே: கர்த்தர் கற்பித்த செபம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள். பாடசாலைகளிற் பிள்ளைகள் அவற்றை ஒப்புவித்தனர். ஞானஸ்நானப் பதிவும் விவாகப் பதிவும் பாடசாலைத் தோம்பில் இருந்தன. உத்தியோகம் வேண்டுவோர் சபையைச் சார்ந்திருத்தல் வேண்டும். பிலிப்பு தெ மெல்லோ போன்ற தமிழ்ப் புலமை மிக்க போதகரும் அச்சபையில் இருந்தனர். ஆகவே கல்வியும் நூலும் அரசும் ஒருபுறம் இருந்தன. மறுபுறம் ஓலைச்சுவடியும் ஒளிந்து திரிந்த குருமாரும் இருந்தனர். 1796இல் ஒல்லாந்தர் நீங்கிப் பிரித்தானியர் வந்தபின் நடந்ததை எமர்சன் தெனன்ற் 1850இல் எழுதிய நூல் விரிவாகக் கூறுகிறது. பேரளவில் எண்ணப்பட்டிருந்த சீர்திருத்தச் சபை சில ஆண்டுகளில் கரைந்தது. 1806இல் தடைகள் நீங்கப்பெற்ற கத்தோலிக்க சபை உயிருடன் வெளிப்பட்டது.

இவ்வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் கூறப்பட்டுள்ளன. வழிபாட்டின் வண்ணம், சுரூபம், திருவிழா, சாதிக்கட்டு என்பன அவற்றுட் சில. இவற்றை நாம் மறுக்கவில்லை. எனினும் ஒரே செபம் இரண்டு இடங்களில் இரண்டு விதமாய் வாழ்ந்தது என்பதே நம் கண்ணுக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. பாடசாலையில் அது ஒப்புவிக்கப்பட்டது. கேட்பவர் ஆசிரியர், பயன் பதிவேட்டில் ஒரு வரி. வீட்டில் அது சொல்லப்பட்டது. விளக்கேற்றிய பின் தாயும் மக்களும் கூடி, ஒருவர் பாதியைச் சொல்ல மற்றவர் பாதியை ஏற்று முடித்தனர். தேர்வுக்கு மனப்பாடம் செய்த வாக்கியம் தேர்வு முடிந்ததும் மறக்கப்படுகிறது. இது நம் மாணவர் எவரும் அறிந்த உண்மை. மனப்பாடம் செபத்தைக் கொல்லும் என்போரும், மனப்பாடமே செபத்தைக் காக்கும் என்போரும் இவ்வரலாற்றின் ஒரு பாதியையே காண்கின்றனர். யார் கேட்கச் சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்ததே அது.

செபத்தின் மொழியமைதிக்கு வருவோம். முதலிற் கருதத்தக்கது ‘எங்கள்’ என்பது. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழில் இரண்டு: கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’, கேட்போரை விலக்கும் ‘நாங்கள்’. கர்த்தர் கற்பித்த செபத்தைத் தமிழ்ப்படுத்திய முதல் மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் இல்லாத ஒரு தெரிவைச் செய்ய வேண்டியவரானார். வழக்கிலுள்ள வடிவங்கள் அனைத்தும், கத்தோலிக்கமாயினும் மறுதரப்பாயினும், ‘எங்கள்’ என்றே கொண்டுள்ளன. அது சரியே. முன்னிலையில் நிற்பவர் இறைவன், அவர் ‘நம்’முள் அடங்கார். ஆனால் இச்சொல்லால் நிகழ்வது அதனினும் பெரிது. ‘எங்கள்’ என்று ஒருவர் வாய்திறந்தவுடன் அவர்பின் ஒரு கூட்டம் உண்டாகிவிடுகிறது. வாடியில் தனித்து நின்று ஒரு மீனவன் இச்செபத்தைச் சொன்னாலும் இலக்கணம் அவனைத் தனியனாக விடுவதில்லை. குச்சவெளிப் பாறையில் வேண்டியவர் தன்மை ஒருமையில் உலகுக்காக வேண்டினார். இங்கோ வேண்டுவோரே பன்மையாயினர். இரண்டும் உயர்ந்தனவே. ஆயினும் சபை என்ற ஒன்றை ஆக்குவது பின்னது.

இவ்வேறுபாட்டை உரைகல்லாகக் கொண்டு இன்றைய தன்னெழுச்சிச் செபங்களைச் சோதித்துப் பார்க்கலாம். கண்மூடி இறைவனை விளித்துத் தொடங்கும் ஒருவர், சில வாக்கியங்களின் பின் ‘நம் ஆண்டவர்’ என்றும் ‘நாம் செய்யவேண்டியது’ என்றும் சொல்லக் கேட்கிறோம். அக்கணத்தில் அவர் முகம் இறைவனை விட்டுச் சபையாரின் பக்கம் திரும்பிவிட்டது. வேண்டுதல் பிரசங்கமாயிற்று. கண்கள் மூடியே இருந்தாலும் இலக்கணம் அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அடுத்தது ‘நீர்’. சைவ வைணவத் திருப்பாடல்கள் இறைவனை ‘நீ’ என்றே பெரிதும் அழைக்கும். கிறிஸ்தவச் செபமோ ‘நீர்’, ‘உம்முடைய’, ‘உமது’ என்று சென்றது. தமிழகத்துத் திறனாய்வாளர் சிலர் இதனை வழக்கிறந்த செயற்கை வடிவம் என்று குறை கூறுவர். அவர்தம் நாட்டிற் பல பகுதிகளுக்கு அது பொருந்தலாம். ஈழத்துப் பேச்சில், சிறப்பாக யாழ்ப்பாணத்தார் வழக்கில், ‘நீர்’ இன்றும் உயிருள்ள சொல். கணவன் மனைவியையும், ஆசிரியர் வளர்ந்த மாணவனையும், நண்பர் ஒருவரையொருவரும் அவ்வாறு அழைப்பர். ‘நீ’யின் தாழ்வும் அதில் இல்லை, ‘நீங்க’ளின் தொலைவும் இல்லை. இறைவனிடம் ‘நீர்’ என்று பேசும் ஈழத்தவன் தன் செவிக்கு நெருக்கமான ஒரு சொல்லையே ஆள்கிறான். ஆதலின் பழஞ்செபத்தின் மொழியை ஒரேயடியாகப் பழைமை என்று ஒதுக்குமுன், எவ்வூர்ச் செவிக்குப் பழைமை என்று கேட்டல் வேண்டும்.

மூன்றாவது வினைமுற்று. கிரேக்க மூலத்தில் விண்ணப்ப வினைகள் தொடர்களின் தலையில் நிற்பன. தமிழில் அவை இறுதிக்கு வந்தாகவேண்டும். இது மொழிபெயர்ப்பாளரின் தெரிவன்று, மொழியின் இயல்பு. எனினும் இவ்வியல்பினால் ஒரு பேறு வாய்த்தது. பழைய வடிவத்தில் முதல் மூன்று விண்ணப்பங்களும் ‘-வதாக’ என்றே முடிந்தன. முன்னே சொல்பவர் தொடரைத் தொடங்க, கூட்டம் அம்முடிபில் ஒருங்கே வந்து சேரும். எழுத்தறியாதவரும் மூன்றாம் முறையில் அதனைப் பற்றிக்கொள்வர். எதுகை மோனை இன்றியே உரைநடைக்கு ஒரு தாளம் கிடைத்தது. புதிய கத்தோலிக்க வடிவத்தில் இவை ‘-க’ ஈற்று வியங்கோளாயின. இலக்கணப்படி குற்றம் சொல்ல இடமில்லை. வியங்கோளைத் தொல்காப்பியர் படர்க்கைக்கே உரித்தாக்கினார். பெயரும் ஆட்சியும் திருவுளமும் படர்க்கையே. வேண்டற்பொருளில் அது வருதலும் மரபே. ஆனால் சொல்லுக்கு இலக்கணம் மட்டுமன்றித் தெருவும் உண்டு. ‘வருக’ என்பது இன்று தோரண வாயிலில் எழுதப்படும் சொல். அமைச்சரையும் மணமக்களையும் அழைக்கும் சொல். இறையாட்சியை வேண்டிக் கேட்ட வாக்கியம் அதனை வரவேற்கும் வாக்கியமாக மாறிவிட்டதோ என்று செவி ஐயுறுகிறது. ‘வருவதாக’ என்பது பேச்சில் வேறெங்கும் அவ்வாறு தனித்து நில்லாமையால், செபத்துக்கே உரிய சொல்லாய் எஞ்சியிருந்தது.

இதனால் நாம் புதுக்கத்தின் பகைவர் என்று கொள்ளற்க. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுக் கொள்கைவிளக்கம் தாய்மொழிக்கு வாயிலைத் திறந்தது. இலத்தீனில் நடந்த பலி தமிழில் நிகழலாயிற்று. அதற்கு முன்னர் கோயிலில் ஒரு முரண் நிலவியது. குரு பீடத்தில் இலத்தீனில் முணுமுணுக்க, மக்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பர். ஒரு கூரையின்கீழ் இரண்டு வழிபாடுகள். அது நீங்கியது நன்றே. தமிழியக்கத்தின் தாக்கத்தால் பிதா தந்தையானார், நாமம் பெயராயிற்று, இராச்சியம் ஆட்சியாயிற்று, அப்பம் உணவாயிற்று, பூசை திருப்பலியாயிற்று. கிழக்கு மாகாணத்திலும் வடக்கிலும் மக்கள் பேச்சில் ‘பூசை’ இன்றும் மறையவில்லை என்பதை மட்டும் இடைப்பிறவரலாகக் குறிக்கிறோம். மக்கள் தமக்கு வேண்டியதை வைத்துக்கொள்வர்.

மரியன்னை செபத்தில் இருந்த ‘பிரியதத்தம்’ என்ற சொல்லின் கதை தனித்துக் கூறத்தக்கது. பதினாறாம் நூற்றாண்டுச் செபநூல்களிற் சமயக் கலைச்சொற்கள் பல போர்த்துக்கேய ஒலிவடிவிலேயே நின்றன. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளும் அவர் வழிவந்தோரும் அவற்றை அகற்றி வடமொழி வழிப்பட்ட சொற்களை அமைத்தனர். ‘பிரியதத்தம்’ அம்மரபிற் பிறந்த சொல். அன்பினால் அளிக்கப்பட்டது என்று பிரித்துப் பொருள் காணலாம். ஆயின் அவ்வாறு பிரித்துணர்ந்து சொன்னவர் ஆயிரத்தில் ஒருவர் இருப்பரோ என்பது ஐயம். இன்று அவ்விடத்தில் ‘அருள்’ என்ற சொல் நிற்கிறது. சைவரும் முஸ்லிம்களும் உணரும் சொல், குச்சவெளியின் எந்தத் தெருவிலும் பொருள் விளங்கும் சொல். மாற்றம் முற்றிலும் தக்கதே என்பது எம் துணிபு. எனினும் நட்டமும் உண்டு. ‘பிரியதத்தம்’ பொருள் விளங்காத சொல்லாயிருந்தும் நாவுக்கு விளங்கியிருந்தது. பாட்டியின் குரலோடு செவிக்குட் புகுந்த சொல் அது. புதிய செபத்தைச் சொல்லும் பேரனும் பழையதைச் சொல்லும் பாட்டியும் ஒரே வரிசையில் முழந்தாளிட்டபோது, இருவரும் ஒரே கணத்தில் முடிக்க இயலாது போயிற்று. சேர்ந்து முடித்தலே அச்செபத்தின் தாளமாக இருந்தது என்று மேலே கண்டோம். அகராதிக்குத் தெரியாத இந்நட்டத்தை மொழிபெயர்ப்புக் குழுவினர் கணக்கிட்டிருப்பின், மாற்றத்தை இன்னும் மெல்ல நடத்தியிருக்கலாம்.

மறுதரப்புச் சபைகளின் வழி வேறு. 1814இல் ஈழத்துக்கு வந்த வெஸ்லியன் மிசனரிமாருள் வில்லியம் ஓல்ற் மட்டக்களப்புக்குச் சென்று மறுவாண்டே அங்கு மறைந்தார். அந்நூற்றாண்டின் முற்பகுதியிலேயே திருகோணமலையிலும் அம்மிசனின் பணி வேரூன்றிற்று. எழுதப்பட்ட செபத்தினும் உள்ளத்திலிருந்து எழும் செபத்தை மேலாகக் கருதியவர் மெதடிஸ்தர். இல்லங்களிற் கூடிய செபக்கூட்டம் அவர்தம் சபையின் நாடி. ஆயினும் ஆண்டின் முதற் ஞாயிறன்று உடன்படிக்கை ஆராதனையில், 1755இல் ஜோன் வெஸ்லி தொடக்கிவைத்த மரபுப்படி, எல்லாரும் எழுதிய சொற்களையே ஒருங்கே சொல்வர். மிகப் பெரிய வாக்குறுதியை அவரவர் சொந்தச் சொற்களுக்கு விட்டுவிட அவர்களும் துணியவில்லை என்பது கருதத்தக்கது.

தன்னெழுச்சிச் செபம் உயர்ந்தோங்கிய இடங்களை நாம் கேட்டிருக்கிறோம். கல்வியறிவற்ற ஒரு மூதாட்டி தன் மகனின் நோயை இறைவனிடம் கூறும்போது பேச்சுத் தமிழ் எய்தும் செறிவை எந்தச் சிறுகதையிலும் காண்டல் அரிது. ஆனால் அவ்வகைச் செபம் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் வந்தபின் நிகழ்ந்தது வேறு. ‘ஆண்டவரே’ என்ற விளி மூச்சுவிடும் இடந்தோறும் நிரப்பியாய் நிற்கிறது. ‘ஸ்தோத்திரம்’ அடுக்கப்படுகிறது. விண்ணப்பத்துக்குரிய வினைமுற்று வந்து சேருமுன் அடுத்த தொடர் தொடங்கிவிடுகிறது. எழுதிய செபத்தைச் சடங்கு என்று தள்ளியோர், எழுதாத ஒரு சடங்கை ஆக்கிக்கொண்டனர். அதன் வாய்பாடுகள் ஊருக்கு ஊர் மாறாதவை. எழுதப்படாமையாலேயே திருத்துவாரும் இலர். 1544இல் ஒரு சொல்லுக்காகக் கடிதம் எழுதியவரைப் போன்ற ஒருவர் இன்று அவ்வரங்குகளுக்கு வேண்டியவராகிறார்.

வாடிக்கு மீள்வோம். நீர்கொழும்பு மீனவரிடையே தமிழும் சிங்களமும் அருகருகே வாழ்ந்தன. அவர் பேசும் தமிழை நீர்கொழும்புத் தமிழ் என்றே மொழியியலார் தனித்துக் குறிப்பர். கடந்த நூற்றாண்டில் பாடசாலை மொழி சிங்களமாக, பல குடும்பங்களின் பேச்சும் மாறியது. ஒரே கொன்சால்வஸ் அடிகளின் இருமொழி நூல்களால் வளர்ந்த மரபாதலின், இரண்டு மொழிச் செபங்களும் ஒரே அச்சில் வார்த்தனவாய் நிற்பதிற் புதுமையில்லை. இனப்பூசல் கூர்மையடைந்த ஒரு நாட்டில், கிழக்குக் கரைக்கு வரும் சிங்களம் பேசும் கத்தோலிக்கனும் திருகோணமலை நகரத்துத் தமிழ்க் கத்தோலிக்கனும் இரு வேறு மொழிகளில் ஒரே செபமாலையின் ஒரே மணியில் விரல் வைக்கிறார்கள். இதனைப் பெரிதுபடுத்திப் பேசி மகிழ்வோர் உளர். செபம் ஒன்றாயிருந்தும் போர் நின்றுவிடவில்லை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். ‘எங்கள்’ என்ற சொல்லின் எல்லை எதுவரை என்பதைச் சொல்பவரே வரைந்துகொள்கின்றனர். இலக்கணம் இறைவனை மட்டுமே அதற்கு வெளியே நிறுத்திற்று.

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்புக் கட்டுவப்பிட்டியவின் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தன. ஒன்று தமிழரும் சிங்களவரும் கூடும் தலம், ஒன்று மீனவர் சூழ்ந்த நகரத்தின் கோயில், ஒன்று தன்னெழுச்சிச் செபத்தை முதன்மையாகக் கொண்ட சபை. இக்கட்டுரையில் நாம் பிரித்துப் பேசிய மரபுகளை அந்நாள் பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு, ஏப்பிரல் 28ஆம் நாள், ஆலயங்களில் பொதுப் பலி நிகழவில்லை. கொழும்புப் பேராயர் தம் இல்லச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய பலி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று, மக்கள் வீடுகளில் இருந்தனர். 1658இன் பின் வந்த நிலை, வேறு காரணத்தால், சில வாரங்களுக்கு மீண்டது. மறு ஆண்டு நோய்த்தொற்றினால் அது இன்னும் நீண்டது.

அவ்வாரங்களில் ஓரிடத்தும் புதிய செபம் எழுதவேண்டிய தேவை எழவில்லை. தொலைக்காட்சியின் முன் முழந்தாளிட்ட வீட்டாருக்குப் பதில்மொழிகள் மனப்பாடமாயிருந்தன. எதிரே குரு இல்லை, பக்கத்திற் சபை இல்லை. கற்ற இடம் எதுவாயினும் சொல்ல வேண்டிய பாதி அவர்கள் நாவில் இருந்தது. முன்னே சொல்பவரின் குரல் திரையிலிருந்து வந்தது. அதனை ஏற்று முடித்தவர் அண்ணாவியார் காலத்து வீட்டாரைப் போலவே விளக்கின் அருகில் இருந்தனர். பேரனும் பாட்டியும் ஒருங்கே முடித்தனரா என்பதே நாம் அறிய விரும்புவது. நூலகத்தில் அதற்கு விடை கிடையாது. வாடிகளும் வீடுகளும் பேசும் செபத்தை, எவ்வூரார் எவ்வடிவத்தில் எந்த மூச்சில் நிறுத்திச் சொல்கின்றனர் என்பதோடு ஒலிப்பதிவு செய்து தொகுக்கும் வேலை நம் தமிழ்த்துறைகளின்முன் கிடக்கிறது. பழைய ‘-வதாக’வை முதலிற் கற்றவர்கள் இன்னும் சிலர் உளர்.